பப்பாளிக்கு விட்ட குளவி மரவள்ளிக்கு உதவுமா?

கேள்வி இது: சேலம் பக்கம் மரவள்ளித் தோட்டத்தில் மாவுப்பூச்சி ஏறிவிட்டது. 2010 வாக்கில் பப்பாளியில் வந்தபோது ஒரு சின்னக் குளவியை விட்டு அடக்கினார்களே, அதையே இங்கும் விட்டால் போதாதா? நாட்டுக்கு நாடு வேறு வேறு குளவியின் பெயரைச் சொல்கிறார்களே, அது ஏன்?

உங்கள் மரவள்ளியில் உட்கார்ந்திருப்பது பப்பாளி மாவுப்பூச்சி என்றால் அதே குளவி போதும். மரவள்ளி மாவுப்பூச்சி என்றால் அந்தக் குளவியை ஆயிரக்கணக்கில் விட்டாலும் பயனில்லை. குளவிக்குப் பயிர் எதுவென்று கவலை கிடையாது; மாவுப்பூச்சி எந்த இனம் என்பதுதான் கணக்கு. பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியில் இருந்தாலும், மல்பெரியில் இருந்தாலும், காட்டாமணக்கில் இருந்தாலும், மரவள்ளியில் இருந்தாலும் அதன் குளவி தேடி வந்து முட்டையிடும். ஒரே மரவள்ளிச் செடியில் பக்கத்திலேயே வேறு இனம் இருந்தால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஆகவே குளவிக்கு அலைவதற்கு முன் பூச்சியைப் பார்க்க வேண்டும்.

செடியில் இருப்பது எது?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். குஞ்சுகளைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. நன்கு வளர்ந்த பெண் பூச்சியைத்தான் பார்க்க வேண்டும். மரவள்ளியில் நம் பக்கம் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு உடல் மஞ்சள், மேலே வெள்ளைத் தூள். நசுக்கினால் மஞ்சள் சாறு. சிலவற்றைப் பிடித்துச் சின்னப் புட்டியில் ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். உடல் நீலம் கலந்த கறுப்பாக மாறினால் அநேகமாக இதுவே. இலையின் அடிப்பக்கம், நரம்போரம், தண்டு என்று எங்கும் பஞ்சு போல முட்டைப்பைகளுடன் அடையாக இருக்கும்.

மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு நிறம். உடலோரத்து மெழுகு நீட்சிகள் மிகக் குட்டை. குருத்தில்தான் முதலில் குடியேறும். கணுவிடை சுருங்கி, நுனி இலைகள் சுருண்டு ஒன்றோடொன்று நெருங்கி, தலை முழுக்க முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாகிவிடும். தண்டு கோணலாகும். இந்தக் கொத்துத் தலையை வைத்தே தூரத்திலிருந்து சந்தேகப்படலாம். இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். ஒற்றைப் பூச்சி ஒட்டிய ஒரு விதைக்கரணை ஒரு மாவட்டத்துக்கே தொற்றைக் கொண்டுபோகும் என்பது இதனால்தான்.

மூன்றாவது வால் மாவுப்பூச்சி. பின்பக்கம் இரண்டு நீண்ட மெழுகு வால், உடல் முழுக்கக் கண்ணாடி நூல் போன்ற இழைகள், முதுகில் இரண்டு கருங்கோடு. இது பழைய விருந்தாளி, தனியாகப் பெரிய சேதம் செய்வது குறைவு. பக்கத்தில் பருத்தியோ செம்பருத்தியோ துத்தியோ இருந்தால் பருத்தி மாவுப்பூச்சியும் கண்ணில் படலாம்: முதுகில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரியும்.

லென்ஸில் பார்த்துச் சொல்வது முதல் கட்டம் மட்டும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வளர்ந்த பெண் பூச்சிகளை ஆல்கஹாலில் வைத்து வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கோ அனுப்பலாம். அங்கே மெழுகை நீக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியில் துளைகளையும் முடிகளையும் எண்ணிச் சொல்வார்கள். எந்தப் பயிரில், செடியின் எந்தப் பாகத்தில், எந்த ஊரில் எடுத்தது என்று பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

குளவி என்ன செய்கிறது?

குளவி என்றதும் கொட்டுகிற குளவி நினைவுக்கு வருவது இயல்பு. இவை மனிதரைக் கொட்டாது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டு. பப்பாளிக் குளவியான அசெரோஃபேகஸ் பப்பாயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, மஞ்சள் ஆரஞ்சு நிறம். பறக்கும்போது தூசி என்றே தோன்றும். மரவள்ளிக்கான அனகைரஸ் லோபெசி கறுப்பு. அனகைரஸ் பேரினத்துப் பெண்களுக்கு உணர்கொம்பின் அடிக்கணு அகன்று தட்டையாக, கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் உடனே தெரியும். பருத்தி மாவுப்பூச்சியின் ஏனேசியஸ் கட்டையான கறுப்பு உடல். தலையில் தையல்காரர் விரலுறை போலக் குழி குழியாக இருக்கும்.

மாவுப்பூச்சியைத் தாக்கும் குளவிகளில் பெரும்பாலானவை என்சிர்டிடே குடும்பம். 4,000க்கு மேல் இனங்கள் பெயரிடப்பட்ட குடும்பம் அது. அனகைரஸ் பேரினத்தில் மட்டும் 200க்கு மேல். பிளாட்டிகாஸ்ட்ரிடே குடும்பத்து அல்லோட்ரோபா, அஃபெலினிடே குடும்பத்து காக்கோஃபேகஸ் போன்றவையும் உண்டு. ஆனால் வயலில் நீங்கள் காண்பதில் பத்துக்கு ஒன்பது என்சிர்டிட்தான்.

பெண் குளவி உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டிப் பார்த்து, அளவு சரியென்று பட்டால் உடலுக்குள் முட்டை வைக்கிறது. குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்கிறது. மாவுப்பூச்சி சில நாள் உயிரோடு சாறு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறகு உப்பி, தோல் கெட்டியாகி, பழுப்பு நிறப் பீப்பாய் மாதிரி ஆகிறது. இதற்கு மம்மி என்று பெயர். அதில் வட்டமாக ஓட்டை போட்டுக் குளவி வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து குளவி வரை இரண்டு முதல் மூன்று வாரம். சில இனங்களின் தாய்க்குளவி முட்டை வைக்காத மாவுப்பூச்சியைக் குத்தி, வடியும் சாற்றைக் குடித்தே கொன்றுவிடும். லோபெசி அப்படிச் செய்யும். ஆகவே மம்மியை மட்டும் எண்ணினால் குளவியின் வேலை குறைத்துக் கணக்காகும்.

இனத்துக்கு இனம் ஏன் மாறுகிறது என்பதன் காரணம் இந்த உடலுக்குள் இருக்கிறது. மாவுப்பூச்சி சும்மா கிடப்பதில்லை. உள்ளே வந்த முட்டையைத் தன் இரத்த அணுக்களால் சுற்றி மூடி, கறுத்த உறையாக்கி மூச்சடைக்க வைக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே மாவுப்பூச்சியோடு மோதிப் பழகிய குளவிக்கு அந்தத் தற்காப்பைத் தாண்டத் தெரியும். புதிய இனத்திடம் தோற்கும். வாசனை, மெழுகு, தாக்கும் வயது எல்லாமும் இப்படியே பொருந்தியாக வேண்டும். ஆகையால் ஒரு மாவுப்பூச்சிக்கு ஏற்ற குளவியை அதன் பூர்வீகத்தில் தேடுவது வழக்கம். பூர்வீகத்தில் அந்த மாவுப்பூச்சியே அரிதாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அங்கே குளவிகள் அதைத் தலையெடுக்க விடாததால் யாரும் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

எந்த ஊர்க் குளவி?

மரவள்ளி மாவுப்பூச்சியின் கதையே இதற்குச் சரியான பாடம். 1970களின் தொடக்கத்தில் காங்கோ, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) பகுதியில் அது வெடித்துக் கிளம்பியபோது அறிவியலுக்கே அது புதிது. 1977இல் ஆப்பிரிக்க மாதிரிகளை வைத்துத்தான் ஃபினகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரே சூட்டினார்கள். மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர் என்பதால் பூச்சியும் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று தேடல் தொடங்கியது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் குளவிகளும் கிடைத்தன. ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை எடுபடவில்லை. உற்றுப் பார்த்தால் அது வேறு இனம்; ஃபினகாக்கஸ் ஹெரெனி என்று பின்னர் பெயர் பெற்றது. தோற்றத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஹெரெனியில் ஆண் உண்டு, மனிஹோட்டியில் கிடையாது. 1981இல் பராகுவேயில் பெல்லோட்டி என்ற ஆய்வாளர் உண்மையான மனிஹோட்டியைக் கண்டார். அங்கே அதை அடக்கி வைத்திருந்த குளவிகளில் ஒன்று அனகைரஸ் லோபெசி. இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்து, அதே ஆண்டின் கடைசியில் நைஜீரியாவில் விட்டார்கள். ஹான்ஸ் ஹெரன் தலைமையில் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம் அதை இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் நிலைநிறுத்தியது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு.

அந்த வேறு இனம் என்று ஒதுக்கிய ஹெரெனி பின்னாளில் வடகிழக்குப் பிரேசிலில் தொல்லையானபோது, வடக்கே கிடைத்த குளவிகளே அதற்கு மருந்தாயின. ஒரு இடத்தில் உதவாதது இன்னொரு இடத்தில் சரியாகப் பொருந்தியது.

கென்யாவில் காப்பி மாவுப்பூச்சியில் இதே தவறு அதற்கும் முன்பே நடந்தது. பூச்சியைத் தவறாக இனங்கண்டு ஆசியாவில் குளவி தேடினார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. அது பிளானோகாக்கஸ் கென்யே என்ற தனி இனம், பக்கத்து உகாண்டாவில் இயல்பாக இருப்பது என்று தெரிந்த பிறகு, 1938இல் உகாண்டாவிலிருந்து கொண்டுவந்த அனகைரஸ் குளவி அதை அடக்கியது. கடல் தாண்டித் தேடிய மருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இந்தியாவிலிருந்து வெளியே போனதும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் 1980களில் மாமரங்களைக் கறுப்பாக்கிய ராஸ்ட்ரோகாக்கஸ் இன்வாடென்ஸ் தெற்காசியப் பூச்சி. இங்கே அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. இந்தியாவில் சேகரித்த கைரனுசாய்டியா டெபிகி என்ற குளவியை 1987இல் டோகோவில் விட்டார்கள். அனகைரஸ் மாங்கிகோலா பின்னால் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் அடையாளம் காணப்பட்டது. இலங்கையிலும் அதே ஆண்டு. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. கரிபியன், ஃபுளோரிடா, குவாம், பலாவ் என்று கடந்து ஆசியாவுக்கு வந்தது. முந்தைய இடங்களில் பயன்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா ஆகிய மூன்றையும் 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவில் இருந்த அமெரிக்க வேளாண் துறை வளர்ப்பகத்திலிருந்து பெங்களூருக்கு வரவழைத்தார்கள். அந்த ஆண்டே கோவையில் விடுவிப்பு தொடங்கியது. மூன்றும் ஒரே வேலை செய்வதில்லை. அசெரோஃபேகஸ் இரண்டாம் பருவக் குஞ்சுகளை, அதாவது ஒருமுறை தோலுரித்தவற்றை, விரும்பும். மற்ற இரண்டும் பெரிய பூச்சிகளிலும் நன்றாக வளரும். இங்கே நிலைத்துப் பரவியதில் முதலிடம் அசெரோஃபேகஸுக்கே. சிறு வயதிலேயே பிடித்துவிடுவதால் பூச்சி முட்டைப்பை வைக்கும் நிலைக்கு வருவதே குறைகிறது என்பது அதன் பலம்.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் தெரிந்தது, விரைவில் தமிழகத்துக்குள் வந்தது. அதற்கு முன் 2008இல் தாய்லாந்தில் நுழைந்து, அங்கே 2009இல் பெனினிலிருந்து லோபெசி வரவழைக்கப்பட்டு வேலை செய்ததால், இந்தியாவில் தேடல் எதுவும் தேவைப்படவில்லை. பெனினிலிருந்தே பணியகம் வாங்கி, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச் 7ஆம் தேதி ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. பராகுவே, இங்கிலாந்து, நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர் என்பதே உங்கள் தோட்டத்துக்கு வரக்கூடிய குளவியின் வம்சவழி.

எல்லாக் குளவியும் இப்படி அனுமதிச்சீட்டோடு வருவதில்லை. 2005 வாக்கில் வட இந்தியப் பருத்தியில் வெடித்த மாவுப்பூச்சி வட அமெரிக்காவைச் சேர்ந்தது. 2008இல் அதன் உடலுக்குள்ளிருந்து ஒரு குளவி வருவதைப் பார்த்தார்கள்; யாரும் விடவில்லை. 2009இல் ஏனேசியஸ் பாம்பாவாலே என்று புதிய இனமாகப் பெயரிட்டார்கள். பிறகு ஒப்பிட்டால் அது அமெரிக்காவில் நூறாண்டுக்கு முன்பே விவரிக்கப்பட்ட ஏனேசியஸ் அரிசோனென்சிஸ். பூச்சி வந்த வழியிலேயே குளவியும் வந்து சேர்ந்திருக்கிறது. வால் மாவுப்பூச்சியில் இதன் உறவுக்கார இனமான ஏனேசியஸ் அட்வெனா ஏற்கெனவே நம் ஊரில் இருந்தது. பருத்திப் பூச்சியை அது அடக்கவில்லை.

காப்பித் தோட்டங்களில் இந்த நுணுக்கம் இன்னும் கூர்மை. ஒரே செடியில் எலுமிச்சை மாவுப்பூச்சியும் பிளானோகாக்கஸ் லிலாசினஸும் இருக்கும். 1983இல் டிரினிடாடிலிருந்து கொண்டுவந்த லெப்டோமாஸ்டிக்ஸ் டாக்டிலோபி முதலாவதைத்தான் தேடும். இரண்டாவதுக்கு உள்ளூர்க் குளவியான டெட்ராக்னெமாய்டியா இண்டிகா இருக்கிறது. குளவி விட்டும் குறையவில்லை என்று ஒருவர் சொன்னால், எந்த இனம் குறையவில்லை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

குளவியின் பெயரிலேயே குழப்பம் வந்ததும் உண்டு. திராட்சை, எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பல நாடுகளில் விற்கப்பட்டு வந்த அனகைரஸ் சூடோகாக்கி ஒரே இனம் அல்ல, இனக்கூட்டம் என்று தெரிந்தது. அதிகம் பரவியிருக்கும் இனத்துக்கு 2019இல் அனகைரஸ் விளாடிமிரி என்று தனிப்பெயர் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு பெண்ணின் உணர்கொம்பில் ஒரு கணுவின் நிறம். பழைய அறிக்கைகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் இதை மனதில் வையுங்கள்.

வளர்ப்பும் விடுவிப்பும்

பப்பாளிக் குளவியை வளர்ப்பது கிராம அளவிலேயே நடந்திருக்கிறது. 50 முதல் 100 கிராம் எடையுள்ள உருளைக்கிழங்கைக் கழுவி, லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலம் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அந்த அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது, முதலில் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். நிழலில் உலர்த்தி, இருட்டில் ஈர மணலில் வைத்தால் பத்து, பதினைந்து நாளில் 3 முதல் 4 சென்டிமீட்டர் முளை வரும். ஒரு கிழங்குக்கு மூன்று முதல் ஐந்து முட்டைப்பை வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் முளை சீக்கிரம் காய்ந்து குஞ்சுகள் பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவை இரண்டாம் பருவத்துக்கு வந்ததை லென்ஸில் உறுதி செய்துகொண்டு, வலைத்துணி கட்டிய கூண்டில் வைத்துக் குளவியை விடுங்கள். கூண்டின் உட்பக்கத்தில் பாதிக்குப் பாதி நீர் கலந்த தேனைக் கோடாகத் தடவுங்கள். சொட்டாக வைத்தால் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். இரண்டு நாள் கழித்துக் குளவிகளை எடுத்து அடுத்த கூண்டுக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் விட்டால் ஒரே பூச்சியில் திரும்பத் திரும்ப முட்டை வைத்து எல்லாம் வீணாகும்.

லோபெசிக்கு இந்தக் கிழங்கு வழியை நம்ப வேண்டாம். அதன் பூச்சியைத் தொட்டியில் வளர்த்த மரவள்ளிச் செடியிலேயே வளர்ப்பது பாதுகாப்பு.

வளர்ப்பில் கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில். முதலாவது, பூச்சி வளர்க்கும் அறைக்குள் குளவி நுழைவது. இரண்டு அறையும் தனித்தனி, தினமும் முதலில் பூச்சி அறை வேலையை முடித்துவிட்டுத்தான் குளவி அறை. மறுபடி திரும்பக் கூடாது. இரண்டாவது, ஆண் மட்டுமே பிறப்பது. இந்தக் குளவிகளில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். தாய் சிறிய மாவுப்பூச்சியில் ஆண் முட்டையும் பெரியதில் பெண் முட்டையும் வைக்கும். வத்தலான முளையில் வளர்ந்த சோனிப் பூச்சிகளைக் கொடுத்தால் கூண்டு நிறைய ஆண் பிறக்கும், அடுத்த தலைமுறை அதோடு முடியும். மூன்றாவது, குளவியையே தாக்கும் மேல் ஒட்டுண்ணிகள். வயலிலிருந்து மம்மியைப் பறித்து வந்து வளர்ப்பைத் தொடங்கினால் சார்டோசீரஸ், புரோகைலோநியூரஸ் போன்றவை உடன் வரும். பருத்தியின் ஏனேசியஸை புரோமஸ்கிடியா என்ற மேல் ஒட்டுண்ணி நம் நாட்டிலேயே தாக்குகிறது. அதனால்தான் மம்மியாகக் கொடுப்பதை விட, வெளிவந்த குளவியை லென்ஸில் பார்த்து இனம் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

எண்ணிக்கை பற்றி நிறையப் பேர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். இது நிலைத்துப் பரவ வேண்டிய குளவி, மாதாமாதம் வாங்கிக் கொட்ட வேண்டிய சரக்கு இல்லை. பப்பாளிக் குளவியைக் கிராமத்துக்கு 100 என்ற அளவில் விட்டே பரவ வைத்தார்கள். ஏக்கருக்குச் சமமாகத் தூவுவதை விட, பூச்சி அதிகமாக இருக்கும் ஐந்தாறு இடங்களில் கூட்டமாக விடுவது மேல். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டுமே. வெளிவந்து ஒரு நாள் தேன் குடித்து இணை சேர்ந்த குளவியாக இருக்கட்டும். குழாய்களை ஈரத்துணி சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் கொண்டுபோய், காலை பத்து மணிக்குள் அல்லது சாயங்காலம் வெயில் தணிந்ததும், குழாயின் வாயை அடை பிடித்த இலையோடு சேர்த்துத் திறந்து மெதுவாக விலக வேண்டும். தேன் இல்லாமல் ஒன்றிரண்டு நாள் கடந்த குளவி பறப்பது போலத் தெரியும், முட்டை வைக்காது.

பருவம் முக்கியம். கோடையில் பூச்சி உச்சத்துக்குப் போன பிறகு விடுவதை விட, ஜனவரி முதல் மார்ச் வரை எண்ணிக்கை ஏறத் தொடங்கும்போது விட்டால் இரண்டு மூன்று தலைமுறை முன்கூட்டியே கிடைக்கும்.

விட்டும் குறையாவிட்டால்

முதல் சந்தேகம் மருந்தின் மேல். மாவுப்பூச்சிக்கு மெழுகுக் கவசம், முட்டைக்குப் பஞ்சுப்பை. குளவிக்கு இரண்டும் இல்லை. இலை முழுக்க நடந்து தேடும் பிராணி அது. புரபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி தெளித்தால் மாவுப்பூச்சியில் பாதி பிழைக்கும், குளவி துடைத்தெடுக்கப்படும். ஒரு மாதத்தில் முன்னிலும் அதிகமாகப் பூச்சி ஏறும். விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தெளிப்பு கூடாது, விட்ட பின்னும் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரர் அடிப்பதும் இதில் சேர்த்தி. தாங்க முடியாத அளவு இருந்தால் கொத்துத் தலைகளை வெட்டி எடுங்கள், அல்லது லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கரைத்து அதிகம் தாக்கிய செடிகளில் மட்டும் அடியுங்கள். வெட்டிய தலைகளை உடனே எரிக்க வேண்டாம். நுண்ணிய வலையால் மூடிய தொட்டியில் இரண்டு வாரம் போட்டு வைத்தால் உள்ளிருக்கும் குளவி வலைக்கண்ணில் வெளியேறும், மாவுப்பூச்சி பட்டினியில் சாகும். வலைக்கண் குளவி நுழையும் அளவு பெரிதாகவும், விளிம்பில் கிரீஸ் தடவி ஊர்ந்து போகும் குஞ்சைத் தடுத்தும் இருக்க வேண்டும்.

அடுத்தது எறும்பு. மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் நிற்கும். குளவி ஒரு பூச்சியைத் தட்டிப் பார்த்து முட்டை வைப்பதற்குள் விரட்டிவிடும். செடியில் எறும்புச் சாரி ஓடினால் முதலில் அதன் புற்றைக் கவனியுங்கள். பப்பாளி போன்ற மரங்களில் தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன் மேல் கிரீஸ் தடவலாம். பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை கெடும்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: மண். ஆப்பிரிக்காவில் லோபெசி நன்றாக வேலை செய்த இடங்களுக்கு நடுவே, சத்தில்லாத மணல் நிலங்களில் மட்டும் மாவுப்பூச்சி தொடர்ந்து தொல்லை கொடுத்தது. சத்தில்லாத செடியில் மாவுப்பூச்சி சிறுத்துப் போகிறது. சிறிய பூச்சியில் குளவி ஆண் முட்டையே வைக்கிறது. பெண் குளவி குறைகிறது. உரமும் மூடாக்கும் போட்ட இடத்தில் நிலைமை திருந்தியது. செம்மண் மேட்டில் மானாவாரி மரவள்ளி வைத்திருப்பவர்கள் தொழு உரத்தையும் மூடாக்கையும் இந்தக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

விதைக்கரணை வழியாகப் புதுப்புதுத் தொற்று வந்துகொண்டே இருந்தாலும் குளவி எப்போதும் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். தொற்றில்லாத தோட்டத்தில் கரணை எடுங்கள். தாய்லாந்தில் 20 லிட்டர் நீருக்கு 4 கிராம் தயாமீதாக்சம் 25 சதத் துகள் கரைத்து, கரணையை ஐந்து முதல் பத்து நிமிடம் முக்கி நடச் சொன்னார்கள். நடவுக்கு முன் முக்குவது குளவி வருவதற்குள் செயலிழப்பதால் இலையில் தெளிப்பதை விடத் தீங்கு குறைவு. இங்கே செய்வதற்கு முன் பரிந்துரை உண்டா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து குளவியைத் தனியார் யாரும் கொண்டுவர முடியாது. தாவரத் தனிமைப்படுத்தல் விதிப்படி அனுமதியும் சோதனையும் கட்டாயம். உள்நாட்டில் நிலைத்த குளவியை ஏத்தாப்பூர் நிலையத்திலோ வேளாண் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப் பெறலாம்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, விட்ட மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தோட்டத்தின் வெவ்வேறு இடங்களில் 20 நுனிகளைப் பறித்து, இலையில் ஏற்கெனவே இருக்கும் வேறு பூச்சிகளைத் தட்டிவிட்டு, மெல்லிய துணி கட்டிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூன்று வாரம் வையுங்கள். உள்ளே நீர் கோக்கக் கூடாது. அடியில் காகிதம் போடுங்கள். வெளிவந்த குளவிகளை எண்ணி, ஆல்கஹாலில் பத்திரப்படுத்துங்கள். ஒன்றும் வராமல், நுனியில் மாவுப்பூச்சி அப்படியே பெருகியிருந்தால் இன்னும் குளவி வாங்குவதற்கு முன் பூச்சியின் மாதிரியை மறுபடி சோதனைக்கு அனுப்புங்கள். மம்மியில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக ஒழுங்கற்ற கிழிசலும் கறுத்த எச்சமும் தெரிந்தால் பொறிவண்டுக் குஞ்சு தின்றிருக்கலாம். கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சும் மெழுகு பூசிக்கொண்டு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், ஆனால் வேகமாக ஓடும். அதைப் பார்த்துப் பூச்சி பெருத்துவிட்டது என்று மருந்தை எடுத்துவிடாதீர்கள்.